கர்னாக் கோயில், கோழி ஷெட், காலனித் தடம்

கண்ணு,

நீ அனுப்பிய வரைபடத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய். முதல் தடவை கண்ணாடியைக் காணோம் என்றேன், இரண்டாம் தடவை தீவன லாரி வந்திருக்கிறது என்றேன், மூன்றாம் தடவை போனில் சார்ஜ் இல்லை என்றேன். மூன்றும் பொய். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. உண்மைக் காரணம், நம் நாலு ஏக்கர் லே-அவுட்டின் தெற்கு எல்லையில் நீ போட்டிருக்கும் எட்டடி உயரச் சுவர். அதைப் போனில் சொன்னால் "அம்மா, அது டிசைன்ம்மா" என்று நீ ஒரே வரியில் முடிப்பாய், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். அப்புறம் உன் அப்பா இரண்டு பக்கமும் சமாதானம் பேச அலைவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம், அதற்கு முன்னால் பூமி பூஜை போட்டுவிட வேண்டும், திங்கட்கிழமை பேப்பரை ஆபீசில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் முழுதும் படி. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. இதில் இருப்பது உனக்கு மட்டும் சொல்கிற சமாசாரம் இல்லை.

ஆனால் எகிப்தைச் சொல்லாமல் என்னால் சுவருக்கு வர முடியாது. போய் வந்து நாலு நாளாகிறது, வாய் ஓயவில்லை. முட்டை எடுக்க வரும் பெண்கள் என்னைக் கண்டாலே ட்ரேயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து பண்ணைக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து டூர் கிளம்பியபோது நீதான் கிண்டல் செய்தாய். "பிரமிட் பாக்கப் போறீங்களா, அங்க கோழி என்ன விலைன்னு கேக்கப் போறீங்களா?" என்றாய். கோழி விலையையும் கேட்டேன், அது வேறு விஷயம். அப்பா ஒரு பை நிறையப் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து வந்திருந்தார். நைல் நதியில் படகு போகும்போது எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தயிர் கிடைக்குமா என்று படகுக்காரனிடம் சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைத்தது. அந்த மனிதருக்கு எங்கே போனாலும் கிடைத்துவிடுகிறது.

பிரமிட்டைப் பார்த்து நான் மலைத்தேன்தான். ஆனால் என்னைக் கையைப் பிடித்து இழுத்தது கர்னாக் கோயில். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் நூற்றுமுப்பத்துநாலு தூண்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் அந்த ஊர்ப் பெண், உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே கட்டடக்கலை படித்தவள். நிறுத்தி நிதானமாக இங்கிலீஷ் பேசினாள், என் பழைய பி.காம். இங்கிலீஷுக்கு அது போதுமாக இருந்தது. நடுவில் இருக்கும் தூண்கள் உயரம், இரண்டு பக்கமும் இருக்கிற தூண்கள் குட்டை என்று காட்டினாள். அதனால் நடுக்கூரை மேலே எழும்பி நிற்கிறது, பக்கக் கூரை தாழ்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையில் விழுகிற சந்தில் கல்லிலேயே கம்பி கம்பியாகச் சன்னல் வைத்திருக்கிறான். வெளிச்சம் மேலேயிருந்து இறங்கும், சூடு அதே வழியாக வெளியே போகும். நான் அப்படியே நின்றுவிட்டேன். "ஏனுங்க, இங்க வாங்க, நம்ம ரெண்டாவது ஷெட்டுங்க இது!" என்று கத்தினேன். கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஓடி வந்து, "ஏனம்மிணி, இத்தன தூரம் வந்தும் உனக்கு ஷெட்டு நெனப்புத்தானா? மெதுவாப் பேசு, சாமி கும்புட்ட எடம்" என்றார். நான் மெதுவாகப் பேசவில்லை.

உனக்கு நம் முதல் ஷெட்டின் கதை தெரியாது. அப்போது நீ தொட்டிலில் இருந்தாய். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் முழு நீளமும் தெரிய வேண்டும் என்று உன் அப்பா அதை வடக்கு தெற்காக நீட்டிக் கட்டிவிட்டார். நானும் ஆமாம் போட்டேன். எங்களுக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. பங்குனி வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கு வெயில் கூண்டுக்குள் நேராக அடிக்கிறது, கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, நாங்கள் சாக்கை நனைத்து நனைத்துத் தொங்க விடுகிறோம். அந்தக் கோடையில் செத்ததைக் குழி வெட்டிப் புதைத்துப் புதைத்து உன் அப்பா ஒரு வாரம் சாப்பிடவே இல்லை. இரண்டாவது ஷெட்டைக் கிழக்கு மேற்காகக் கட்டினோம். கூரையின் உச்சியில் காற்றுப் போக ஒரு குட்டிக் கூரையைத் தூக்கி வைத்தோம். கொத்தனார் சொன்னார், செய்தோம், அவ்வளவுதான். அதே யோசனையை மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் கல்லில் யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாலைவனத்து வெயிலும் நம் பரமத்தி வெயிலும் மனிதனை ஒரே மாதிரி யோசிக்க வைத்திருக்கின்றன. நேராக அங்கிருந்துதான் இங்கே வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை, அந்தச் சண்டையை உன் வாத்தியார்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் உலகத்தில் எத்தனையோ தேவாலயம், ரயில் நிலையம், மில் எல்லாம் இந்த மேல்சன்னலை வைத்துத்தான் மூச்சு விடுகின்றன என்று அந்தப் பெண் சொன்னாள். அந்தப் பட்டியலில் நம் ஷெட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பார்த்ததெல்லாம் நம் ஊராகவே தெரிய ஆரம்பித்தது. ஒரு கோயில் சுவரில் ராஜாவும் ஒரு பெண் தெய்வமும் ஆளுக்கு ஒரு முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடுவில் கயிற்றை இழுத்து நிற்கிறார்கள். கட்டடம் தொடங்குவதற்கு முன்னால் செய்கிற சடங்காம். நம் ஊரில் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு, முளையடித்துத் தேங்காய் உடைப்போமே, அதைத்தான் ராஜாவே நின்று செய்கிறான். நைல் நதி வெள்ளம் வந்து வடியும்போது வயல்களின் வரப்பெல்லாம் அழிந்துபோகுமாம், வருஷா வருஷம் கயிறு போட்டு மறுபடி அளப்பார்களாம். அப்படி அளந்து அளந்தே அவர்களுக்கு நேர்கோடும் மூலை மட்டமும் கைவந்தது என்றாள். இன்னொரு ஓவியத்தில் வீட்டுக் கூரையின் மேல் சாய்வாக ஒரு கூம்பு. வடக்கேயிருந்து வரும் குளிர்ந்த காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குவதற்காம். ஆடிக் காற்று நம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறதே தவிர, அதைப் பிடித்து ஒரு அறைக்குள் விட வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லையே! நீ கட்டப்போகிற வீடுகளில் ஒன்றிலாவது இதைச் செய்து பார். ஏ.சி. விற்கிறவன் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஊசித்தூணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கல்லில் நாலு பட்டையாக மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் குட்டிப் பிரமிட் வைத்த தூண். ரோம், பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று எத்தனை ஊர்க்காரர்கள் இதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்த் தங்கள் ஊர் நடுவில் நட்டிருக்கிறார்கள்! கிடைக்காதவர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அதை மையமாக வைத்து, நேரான அகலச் சாலைகளை அதை நோக்கி வரும்படி போட்டார்களாம். லக்சரிலிருந்து கர்னாக் வரைக்கும் இரண்டு பக்கமும் சிங்க உடம்புச் சிலைகள் உட்கார்ந்திருக்கிற சாலையில் நானும் நடந்தேன். இந்தக் கோயிலில் நின்றால் அந்தக் கோயில் எந்தத் திசையில் என்று சாலையே சொல்லிவிடுகிறது. ஒரு ஊருக்கு முதுகெலும்பு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நாமக்கல் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறதே, அடியில் அகன்று மேலே சாய்ந்து குறுகின சுவரும், உச்சியில் வெளியே வளைந்த விளிம்புமாக? "இது என்னடா கோமாளித்தனம்" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அது அச்சு அசல் எகிப்துக் கோயில் வாசல். அதைக் கட்டினவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எங்கேயோ ஒரு சினிமாக் கொட்டகையில் பார்த்திருப்பார், அந்தக் கொட்டகைக்காரர் இன்னொன்றில் பார்த்திருப்பார். நாம் எதைப் பார்த்துப் போடுகிறோம் என்பது தெரியாமலே போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வரியை எழுதும்போதே எனக்குச் சுருக்கென்கிறது, காரணம் கீழே வருகிறது.

கடைசிக்கு முந்தின நாள் ஒரு பாழடைந்த ஊரைக் காட்டினாள். ராஜாக்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளிகளுக்காகவே திட்டம் போட்டுக் கட்டின ஊராம். இடுப்பளவுச் சுவர்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. ஊர் நடுவில் ஒரே தெரு. இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டின மாதிரி வீடுகள். முன்பக்கம் குறுகல், உள்ளே ஒன்றன் பின் ஒன்றாக நாலு அறை, கடைசியில் சமையல், மாடிக்கு ஒரு படி. "இது குமாரபாளையத்து லைன் வீடுங்க" என்றார் அப்பா. அவருக்கே ஆச்சரியம் வந்துவிட்டது, ஊறுகாயை மறந்துவிட்டார். ஊரைச் சுற்றி ஒரு மதில். தண்ணீர் கிடையாது, கழுதையில் கொண்டுவந்து ஊற்றுவார்களாம். நான் சும்மா இருக்காமல், "பெரியவங்க வீடெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். இந்த ஊரில் இல்லை, வேறொரு ஊர் இருந்தது என்று சொல்லி அவள் போனில் ஒரு வரைபடத்தைத் திறந்தாள். இதைவிடப் பழைய ஊர், பிரமிட் வேலைக்காகக் கட்டினது. நாலு மூலையும் சதுரமாக, தெருவெல்லாம் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக. நூல் பிடித்துத் திட்டமிட்ட ஊர்களில் உலகத்திலேயே பழையவற்றில் ஒன்று என்று பெருமையாகச் சொன்னாள். நானும் உன்னை நினைத்துக்கொண்டு பெருமையாகத்தான் பார்த்தேன். அப்புறம் கண்ணில் பட்டது. ஊருக்குக் குறுக்கே ஒரு தடிச் சுவர். சுவருக்கு ஒரு பக்கம் பெரிய பெரிய மாளிகைகள். மறுபக்கம் பெட்டி பெட்டியாகக் குட்டி வீடுகள், எண்ண முடியவில்லை. அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன், உனக்குக் காட்டுவதற்காக.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைத் திறந்து பார்த்துக்கொண்டே விரலைத் தள்ளினேன். அடுத்த படம் நீ காலையில் அனுப்பியிருந்த லே-அவுட். முப்பத்தாறு மனை, முப்பதடி ரோடு, நடுவில் பச்சையாகப் பூங்கா, எல்லாம் அழகாக நூல் பிடித்தது. தெற்கே தடிமனாகச் சுவர். சுவருக்குக் கீழே, நீ பெயர்கூடப் போடாமல் சும்மா சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிற சின்னச் சின்னக் கட்டங்கள். அது காலனி, நம் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிற இடம். மறுபடி விரலைத் தள்ளினேன், எகிப்து. தள்ளினேன், நம் காடு, அந்த நாலு ஏக்கர் நிலம். நாலைந்து தடவை இப்படியே தள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்து, "ரெண்டுல எது நம்மளுது?" என்றார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்ணாடி போடாததால் நிஜமாகவே தெரியவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஏழாவது படிக்கும்போது முட்டை ட்ரேக்களை குடோன் தரையில் கவிழ்த்து வைத்து ஊர் கட்டுவாயே, அப்போதே எனக்குத் தெரியும், நீ இதற்குத்தான் பிறந்தவன். அந்தச் சுவரை நீயாக யோசித்துப் போடவில்லை. சர்வேயர் அளந்து கொடுத்த படத்தில் அந்த இடத்தில் ஒரு வேலியும் கேட்டும் இருந்தன, நீ கோட்டின் மேல் கோடு போட்டாய். நீ பார்த்துப் போட்ட அந்தக் கோடு என்னுடையது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவளால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு அது. அதை இதுவரைக்கும் உன்னிடம் நான் சொன்னதில்லை.

நீ பத்தாவது படித்த வருஷம், பறவைக் காய்ச்சல் என்று டி.வி.யில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியாள் யாரையும் பண்ணைப் பக்கம் விடாதீர்கள், வண்டி டயருக்கு மருந்தடியுங்கள், காலை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றார்கள். எல்லாம் சரியான யோசனைதான், எல்லாப் பண்ணையிலும் செய்தோம். ஆனால் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற தடம் நம் காட்டின் ஓரமாகத்தானே போகிறது? பண்ணையிலிருந்து அது எவ்வளவோ தள்ளி. இருந்தாலும் அதன் குறுக்கே கம்பி வேலி போட்டு ஒரு இரும்புக் கேட் வைத்துப் பூட்டினேன். நம்மிடம் வேலைக்கு வருகிறவர்களுக்காகக் காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை திறப்போம். மற்ற நேரத்தில் அவர்கள் பைபாஸைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே, இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆறு மாதத்தில் காய்ச்சல் பேச்சு அடங்கிவிட்டது. கேட்டைத் திறந்துவிடலாமா என்று அப்பா கேட்டார். "இருக்கட்டுங்க, ஒரு ஒழுங்கா இருக்குது" என்றேன். சொந்தக்காரர்களும் சொன்னார்கள், ஆள் நடமாட்டம் இல்லையென்றால் காட்டுக்கு மதிப்பு என்று. யாரையும் நான் எதிரியாக நினைத்துப் பூட்டவில்லை, சாமி. காரணம் தீர்ந்த பிறகும் பூட்டு தொங்கியது, எனக்கு அது உறுத்தவே இல்லை. நோய் ஒரு சாக்காகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

ஊர் திரும்பினதும் என்னால் இருக்க முடியவில்லை. சுவர் வேண்டாம், தடத்தை ரோடாகப் போடச் சொல்லலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டால் கால் தரையில் பாவாது, அது உனக்கே தெரியும். எவ்வளவு அகலம் வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்காமல் நாமாக எப்படி முடிவு செய்வது? முந்தாநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு சரசு வீட்டுக்குப் போனேன். இருபது வருஷமாக நம் ஷெட்டில் முட்டை எடுக்கிறாளே, அந்தச் சரசு. அவள் புருஷன் ராசு நம் தீவன மில்லில் இருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போனானே. அவள் நம் வாசலுக்கு எத்தனை ஆயிரம் தடவை வந்திருப்பாள், நான் அவள் வீட்டுக்குள் கால் வைத்தது முந்தாநாள்தான். அவள் பதறிப்போய் சேரைத் துடைத்தாள், துடைத்த சேரையே மறுபடி துடைத்தாள். நான் ஒரே சந்தோஷமாக, கல்யாணச் சேதி சொல்கிற மாதிரி, படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டை எடுக்கப்போகிறோம், தம்பி ரோடு போடப்போகிறான், உங்கள் வீட்டு வாசலிலிருந்து நேரே மெயின் ரோடு என்று கையை நீட்டிக் காட்டினேன்.

"அகலம் எத்தன வேணும், சொல்லு சரசு. பத்தடியா, பன்னெண்டா? ஆட்டோ வர்ற மாதிரிப் போட்டறலாமா?" என்றேன்.

அவள் என் கையில் இருந்த டேப்பைப் பார்த்து, "ஆம்புலன்சு வந்து திரும்பற அளவு இருந்தாப் போதுங்க" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்கு அவருக்கு முடியாமப் போனப்ப வண்டி நம்ம தடத்துலதானுங்க வந்துச்சு. ஆரு வழி சொன்னாங்களோ. கேட்டு பூட்டியிருந்துச்சு. சாவி உங்க கைல, நீங்க ஈரோட்டுக்குக் கண்ணாலத்துக்குப் போயிருந்தீங்க. சுத்திட்டு வாரேன்னு அந்த டிரைவரு சொன்னாருங்க, அதுவரைக்கும் தாங்காதுன்னு நாலு பேரு சேந்து வேலிக்கு மேல தூக்கிக் குடுத்தோம். அக்கட்டால எறக்கறப்பவே மூச்சு இல்லீங்க." கோபமாகச் சொன்னாளா என்று கேட்டால், இல்லை. இன்றைக்கு எத்தனை ட்ரே என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள். "ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். "சொல்லி என்னுங்க ஆவுது. நீங்க வந்து மாலை போட்டுட்டு அழுதீங்கல்லங்க" என்றாள்.

ஆமாம், அழுதேன். மாலை போட்டேன், காரியத்துக்கு அரிசி பருப்பு அனுப்பினேன், நமக்காக உழைத்த மனிதனை நல்லபடியாக அனுப்பி வைத்தோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அன்றைக்கு அந்தச் சாவி என் கைப்பையில் இருந்தது. கல்யாணத்தில் தாம்பூலப் பையை அதன் மேல்தான் திணித்தேன். சாவி ஊரில் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது. தெரியாமலே நான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும். உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு நீ நூறு ஊருக்குக் கோடு போடுவாய். பேப்பரில் அது மெல்லிசாகத்தான் இருக்கும். எகிப்தில் அந்தச் சுவரைப் போட்டவனும் நல்ல இன்ஜினியராகத்தான் இருந்திருப்பான். வெளிச்சத்தையும் காற்றையும் நேர்கோட்டையும் யோசித்த அதே மூளைதான் அதையும் யோசித்திருக்கிறது. நமக்கு எல்லாம் சேர்ந்தே வந்திருக்கிறது, கண்ணு. எடுத்துக்கொள்ள வேண்டியதை ஆசை தீர எடுத்துக்கொள், உன்னோடு சேர்ந்து நானும் குதிக்கிறேன். அந்த மேல்சன்னலை வை, காற்றுக் கூம்பை வை, வேண்டுமென்றால் பூங்காவில் ஒரு ஊசித்தூணைக்கூட நட்டுக்கொள், அப்பா அதில் கொடி ஏற்றுவார். அந்தச் சுவரை மட்டும் எடு.

நேற்று வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் கேட்டை அறுத்து எடுத்தாயிற்று. அப்பாவே நின்று வேலிக்கம்பியைச் சுருட்டினார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள், உள்ளே வரலாமா கூடாதா என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். நான்தான் போய் அதட்டி வரச் சொன்னேன். வேலை முடிந்து போகும்போது சரசுவும் அங்கே நின்றாள். கேட் கம்பம் இருந்த குழியைக் காலால் மண் தள்ளி மூடினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "மறுக்கா சீக்கு வந்தாப் பூட்டிருவீங்களாங்க?" என்று கேட்டாள்.

பூட்டமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை, சாமி. போன தடவை பூட்டியபோதும் நான் நல்லவளாகத்தான் இருந்தேன். அதனால் அவளுக்கு வார்த்தை கொடுக்காமல் வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன். அந்தத் தடத்தை இருபத்துமூன்று அடிப் பொது ரோடாகப் போடு, கடைசியில் வண்டி திரும்ப இடம் விடு, மற்ற ரோடுகளோடு சேர்த்துப் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதும் பத்திரத்தைத் தயார் செய். காடு என் பேரில் இருக்கிறது, திங்கட்கிழமை வா, சுவர் இருக்கிற தாளில் போடாத கையெழுத்தை அதில் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போடுகிறேன். என் நல்ல மனசை நம்பி எதையும் வரையாதே. நாளைக்கு நானே மனசு மாறிப் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தாலும், அதை மாட்ட எனக்கு இடமில்லாதபடி வரைந்து கொடு.

உன் அம்மா